புலிமான்கோம்பைக் கல்

தேனி மாவட்டத்துக் கூடலூர் என்றால் இன்று கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைதான் நினைவுக்கு வரும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தச் சீமையில் சொத்து என்றால் மாடுதான். கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்டுபோன தீயன் அந்தவனுக்கு நட்ட கல் ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்தது. அந்தக் கூடல் ஊர் நம் கூடலூர்தான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் புலிமான்கோம்பையில் கண்டறிந்த தமிழ்ப் பிராமி நடுகற்கள், அந்தவன் கல்லோடு சேர்த்து, மூன்று. வாளோங்கிய வீரன் உருவமெல்லாம் அவற்றில் கிடையாது. கரடுமுரடான பலகைக்கல், அதில் சில எழுத்துகள், அவ்வளவுதான். சும்மா பார்த்தால் துணி துவைக்கத் தூக்கிப் போகலாம் என்றுதான் தோன்றும். அவை கிடந்த ஈமக்காடோ ஏற்கெனவே கலைந்து போயிருந்தது.

அன்று நடுகல்லைக் காக்கச் சட்டம் எதுவும் இல்லை. மயிற்பீலி சூட்டினார்கள், கள் படைத்தார்கள். செத்தவன்மேல் பயமும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. இன்று பாறையைப் பார்த்ததும் ஜல்லி எத்தனை லோடு, எம்-சாண்ட் எத்தனை யூனிட் என்று கணக்குப் போடுகிறோம். வீடு கட்டக் கல் வேண்டும்தான், மறுக்கவில்லை. எந்தக் கல்லை உடைக்கிறோம் என்று பார்த்துவிட்டு உடைக்கலாமே.

பக்கத்து மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் இருப்பது ஊருக்கே தெரியும். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பகுதியையும் வளைத்தபோது மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆனால் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் 46,000 ஆண்டு மனிதத் தடம் கொண்ட ஜூக்கன் குகைகளை, அவற்றின் அருமை தெரிந்தும், 2020 மே மாதம் இரும்புத் தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே நாட்டின் முருஜுகாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பழங்குடிப் பாறைச் செதுக்கல்களுக்குப் பக்கத்திலேயே எரிவாயு ஆலைகள் இயங்குகின்றன. ஆலைப் புகையின் அமிலம் பாறையின் மேல்தோலை அரிக்கும் என்ற கவலை அங்கே உண்டு. 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகும் அந்தச் சர்ச்சை ஓயவில்லை.

தேனிப் பக்கம் காட்டிலோ கரட்டிலோ எழுத்தோ கோட்டோவியமோ தென்பட்டால் சுண்ணாம்பு தடவாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். குவாரிக்கு உரிமம் கேட்டு யாரும் வருவதற்கு முன்பே சொல்லுங்கள்.