முட்டாள் நாற்றும் குட்டை நெல்லும்

பயிர் நெடுநெடுவென்று வளர்ந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? ஆனால் நெல் விஷயத்தில் அந்த வளர்ச்சியே வினையாகிவிடுவதுண்டு. ஜப்பானிய விவசாயிகள் இதை வெகுகாலமாக அறிவார்கள். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு, வெளிறி, ஒல்லியாய் உயர்ந்து நிற்கும், பிறகு மடிந்துவிடும். பிழைத்தாலும் பெரும்பாலும் பதர்தான். 'பகனாயே', அதாவது முட்டாள் நாற்று என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான்!

1926-இல் தைவானில் குரோசாவா என்ற விஞ்ஞானி, இந்த நாற்றைப் பிடித்திருந்த பூஞ்சணத்தைத் திரவத்தில் வளர்த்தார். பூஞ்சணத்தை நீக்கிவிட்டு வெறும் திரவத்தை நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெட்டையாயின! பூஞ்சணம் சுரந்த அந்தப் பொருளுக்கு 1935-இல் யபுத்தா என்பவர் 'ஜிப்ரெல்லின்' என்று பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், நல்ல நெற்பயிரும் இதே ஹார்மோனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குழம்புக்கு உப்பைப் போல, அளவோடு இருந்தால் சரி.

பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் போட்டால் இன்னும் உயரும். கதிர் முற்றியதும் பாரம் தாங்காமல் சாய்ந்து, நெல் சேற்றில் கிடக்கும். உழைத்தவன் வயிறு எரியாமல் என்ன செய்யும்? 1962-இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இந்தோனேசியாவின் நெட்டை ரகமான 'பேட்டா'வையும், தைவானின் குட்டை ரகமான 'டீ-ஜியோ-வூ-ஜென்'னையும் இணைத்தார்கள். அந்தச் சந்ததியில் தேர்ந்தெடுத்ததுதான் 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8. தமிழ்நாட்டு வயல்களுக்கும் அது வந்தது. எவ்வளவு உரம் போட்டாலும் குட்டையாக, நிமிர்ந்து நின்றது.

அந்தக் குட்டைத்தனத்தின் ரகசியம் 2002-இல்தான் வெளிப்பட்டது. ஜீன் என்பதைச் சமையல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜிப்ரெல்லின் தயாரிக்கும் குறிப்புகளில் ஒன்றில் 383 எழுத்துகள் குட்டை ரகத்தில் கிழிந்துபோயிருந்தன! ஹார்மோன் குறைந்தது, தாளும் குறுகியது.

அப்படியானால் மணியும் குறைய வேண்டாமோ என்று கேட்பீர்கள். அங்கேதான் இயற்கையின் சாமர்த்தியம். பூவில் அதே வேலையைச் செய்ய இன்னொரு ஜீன் இருக்கிறது. அதனால் பூ குறைவின்றிக் கருத்தரித்தது. வைக்கோலுக்குப் போயிருக்கவேண்டிய சத்தில் ஒரு பங்கு மணிக்குச் சேர்ந்தது.

ஐ.ஆர். 8 சோறு ஆறினால் விறைத்துவிடும் என்று முகம் சுளித்த பாட்டிமார் உண்டு. நியாயந்தான். ஆனால் அதற்குப் பொறுப்பு, அரிசியின் மாச்சத்தைத் தீர்மானிக்கும் வேறொரு ஜீன். பாவம், குட்டை ஜீன் மேல் பழி போடாதீர்கள்!