வெள்ளிக்கிழமைப் பயறு: ஒரு தவக்காலச் சிந்தனை



தவக்கால வெள்ளிக்கிழமை விடிந்தாலே நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "இன்றைக்குக் கறி கிடையாது, என்ன சமைப்பது?" கடல் கடந்த பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே கேள்விதான். 1521-இல் நற்செய்தி விதைக்கப்பட்ட அந்நாட்டில் இன்று ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் கண்ட விடையின் பெயர் 'மொங்கோ'. அது வேறொன்றுமில்லை, நம் பாசிப்பயறுதான். பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, வெந்த பயற்றைச் சேர்த்து, இறுதியில் கீரை போட்டுச் சோற்றுடன் உண்பார்கள். அந்தக் கீரையும் பெரும்பாலும் நம் முருங்கைக்கீரையே. அங்கே அதன் பெயர் 'மலுங்காய்'.

பாலக்கரைக்கு வந்த பயறு

இந்த உணவு எனக்கு அறிமுகமானது ஒரு பங்குச் சகோதரியால். குவைத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர் மணிலாவைச் சேர்ந்த ஒரு பெண். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை நாள். இருவரும் சேர்ந்து திருப்பலிக்குப் போவார்கள், திரும்பி வந்து சேர்ந்து சமைப்பார்கள். அவர்களை இணைத்தது சகாய அன்னை. இவர் பாலக்கரை சகாய மாதா கோயிலைப் பற்றிச் சொல்ல, அவர் மணிலாவின் பக்லாரான் திருத்தலத்தைப் பற்றிச் சொல்வாராம். அங்கே 1948-இல் தொடங்கிய சகாய அன்னை நவநாளுக்கு இன்றும் புதன்கிழமைதோறும் மக்கள் திரளாகக் கூடுகிறார்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்பிய சகோதரி, ஒரு தவக்கால வெள்ளியன்று மொங்கோ சமைக்க முடிவு செய்தார். உண்ண அழைத்தது பக்கத்து வீட்டு மாமியை. திருவரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர், மரக்கறி உணவு மட்டுமே உண்பவர். தாய் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

நான் சொன்ன தவறான பதில்

காலைத் திருப்பலி முடிந்ததும் சகோதரி என்னிடம் கேட்டார்: "ஃபாதர், மொங்கோவுல பன்றிக்கறி போடுவாங்க. அதை விட்டுட்டேன். ஆனா 'பாட்டிஸ்'னு மீன் சாறு ரெண்டு ஸ்பூன் விட்டாத்தான் அந்த ருசி வரும். வெள்ளிக்கிழமையில விடலாமா?"

நான் உடனே திருச்சபைச் சட்டத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒறுத்தல் என்பது இறைச்சியைத் தவிர்ப்பது. மீனுக்குத் தடை இல்லை. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட நோன்பு பற்றிய ஆணையில் முட்டை, பால் பொருள்கள், விலங்குக் கொழுப்பால் ஆன சுவையூட்டிகள்கூடத் தடைசெய்யப்படவில்லை. "தாராளமா விடுங்கம்மா" என்றேன்.

பதில் சட்டப்படி சரி. ஆனால் பத்து மணியளவில் மனம் உறுத்தத் தொடங்கியது. சகோதரியின் நோன்பைப் பற்றி மட்டுமே யோசித்தேன். அந்தச் சோற்றை உண்ணப்போகும் மாமியைப் பற்றி யோசிக்கவே இல்லை! கொதிக்கும் பயற்றில் இரண்டு ஸ்பூன் மீன் சாறு கண்ணுக்குத் தெரியாது. மாமி நம்பி உண்பார். நம் சட்டம் மீறப்படாது, அவருடைய வாழ்நாள் நெறி மீறப்படும், அதுவும் அவருக்குத் தெரியாமலே.

தொலைபேசியில் அழைத்தேன். சாறு ஏற்கெனவே ஊற்றப்பட்டிருந்தது. சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "இதை நாங்க சாப்பிட்டுக்குறோம் ஃபாதர். மாமிக்கு வேற பாத்திரத்துல வைக்கிறேன்" என்றார்.

இரண்டாவது பாத்திரம்

ஆறு பேருக்குக் கால் கிலோ பாசிப்பயறு போதும். இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் மூன்று விசில் விட்டால் குழைய வேகும். மூன்றில் ஒரு பங்கை மத்தால் மசித்தால் குழம்பு கெட்டிப்படும். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் எட்டுப் பல் பூண்டைத் தட்டிப் போட்டுப் பொன்னிறமாக்க வேண்டும். அடுத்து வெங்காயம், பின்னர் மூன்று தக்காளி. கடுகு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். போட்டால் நம் கூட்டு ஆகிவிடும், மொங்கோ ஆகாது.

மீன் சாறு தருவது உப்பு மட்டுமன்று, நாவில் தங்கும் ஓர் ஆழ்ந்த சுவையும்கூட. அதை ஈடுசெய்ய மூன்று வழிகள் உண்டு. தக்காளியை எண்ணெய் பிரியும்வரை பொறுமையாகச் சுண்டவிடுவது ஒன்று. நறுக்கிய காளானைத் தனியே சிவக்க வதக்கிச் சேர்ப்பது மற்றொன்று. புளிக்கவைத்த சோயாவில் செய்த சாஸ் இரண்டு தேக்கரண்டி விடுவது மூன்றாவது. இறைச்சித் துண்டுகளுக்குப் பதிலாக, ஊறவைத்துப் பிழிந்து பொரித்த மீல்மேக்கர் போடலாம். பயற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்ததும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். கூடுதலாக வெந்தால் கீரை கசக்கும்.

ஏழையின் உணவுதான், ஆனால் சத்தில் ஏழையன்று. நூறு கிராம் உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. பயற்றில் குறைவாக உள்ள புரதக்கூறைச் சோறும், சோற்றில் குறைவாக உள்ளதைப் பயறும் நிறைவு செய்கின்றன.

ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்னால் சகோதரி செய்தது வேறு. பக்கத்து வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "மாமி, பூண்டு, வெங்காயம், காளான் எல்லாம் சேத்துப்பீங்களா?" என்று கேட்டார். அவற்றையும் தவிர்க்கும் குடும்பங்கள் திருவரங்கத்தில் உண்டல்லவா! "பூண்டு, வெங்காயம் சேத்துப்பேன், காளான் மட்டும் வேண்டாம்" என்றாராம் மாமி. பிறகு அவரே வந்து அமர்ந்து கீரை ஆய்ந்து கொடுத்திருக்கிறார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னியே, அது போதும்" என்றும் சொல்லியிருக்கிறார்.

நமக்கான பாடம்

கொரிந்து நகரில் ஏறத்தாழ இதே சிக்கல் எழுந்தது. எந்த உணவை உண்ணலாம் என்று தங்களுக்குத் தெரியும் எனச் சிலர் பெருமை கொண்டனர். புனித பவுல் முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர்களுடைய அறிவை மறுக்கவில்லை. அறிவோடு அன்பும் வேண்டும் என்கிறார். எனக்கு உரிமை இருக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. என் உரிமை அடுத்தவர் மனச்சான்றைக் காயப்படுத்துமா என்றும் கேட்க வேண்டும். இறையியல் படித்த நான் அன்று காலை மறந்தது இதைத்தான்.

கறியை விடுவது எளிது, அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஸ்பூனை, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நிலையிலும் விடுவதே கடினமான ஒறுத்தல். அதைவிடக் கடினம், ஊற்றிய பின் போய் உண்மையைச் சொல்வது.

இத்தவக்காலத்தில் ஒரு வெள்ளியாவது இந்தப் பயற்றைச் சமைத்துப் பாருங்கள். காந்தி மார்க்கெட்டில் பயறும் கீரையும் கிடைக்கும், செலவும் குறைவு. மிச்சமாகும் பணத்தை இல்லாதவருக்குக் கொடுங்கள். பிற சமயத்து அண்டை வீட்டார் ஒருவரை உண்ண அழையுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவரிடம், "நீங்கள் எதைச் சேர்த்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள்.

சகாய அன்னை நமக்குத் துணை நிற்பாராக!