விரட்டப்பட்ட திராட்சைக் கொடி



மதுவைப் பற்றி ஓர் ஆசிரியர் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குடியால் சீரழிந்த குடும்பங்களை நம் லயங்களிலேயே பார்த்து வருகிறவன் நான். யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. ஒரு கொடியையும் அதில் பாடுபடுகிறவர்களையும் பற்றிச் சொல்லவே வந்தேன்.

பிரான்சு நாட்டில் லியோன் என்னும் பெருநகருக்கு வடக்கே பொஜொலே என்ற குன்றுப் பகுதி உள்ளது. அங்கே சிவப்பு மதுவுக்குப் பயிராவது காமே என்னும் ஒரே இனத் திராட்சை. அதற்கும் வடக்கேயுள்ள பர்கண்டியிலும் ஒரு காலத்தில் இக்கொடியைப் பயிரிட்டார்கள். சீக்கிரம் பழுக்கும், நிறையக் காய்க்கும். ஆனால் அந்நாட்டுக் கோமகன் பிலிப்புக்கு அது பிடிக்கவில்லை. மிகவும் கெட்ட செடி, பிடுங்கி எறியுங்கள் என்று 1395ஆம் ஆண்டில் ஆணையிட்டார்.

குற்றம் செடியிலா, மண்ணிலா? பர்கண்டிச் சரிவுகளில் சுண்ணாம்பு மண். பொஜொலேயின் வட பகுதியிலோ கருங்கல் பொடிந்த சத்துக் குறைந்த மண். அந்த ஏழை மண்தான் காமேக்கு ஒத்துப்போயிற்று. அங்கே அது தரும் மது இளஞ்சிவப்பாக, துவர்ப்புக் குறைந்து, பழவாசனை மிகுந்து இருக்கும்.

இந்த வாசனைக்கு மண் மட்டும் காரணமன்று. பழங்களை நசுக்காமல் முழுக் குலையாகவே தொட்டியில் இடுகிறார்கள். அடியில் உள்ளவை பாரத்தால் நசுங்கிப் புளிக்கும். கரியமில வாயு எழுந்து தொட்டியை நிறைக்கும். அந்த வாயுவுக்குள் மேலேயுள்ள பழங்கள் தோல் உடையாமல் உள்ளுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காது.

ஆகவே குலை சிதையாமல் வரவேண்டும். இயந்திரமோ கொடியை உலுக்கிப் பழங்களை உதிர்த்துவிடும். அதனால் அங்கே இன்றும் பெரும்பாலும் கத்தரியும் கையும்தான். பழைய தோட்டங்களில் பந்தல் கிடையாது. கொடியைக் குட்டைச் செடியாகவே வெட்டி விட்டிருப்பார்கள். நாளெல்லாம் குனிந்தே பறிக்க வேண்டும். நம் பெண்கள் ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்களே, அந்த வலி அவர்களுக்கும் தெரியும்.

கூலி விஷயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. அப்பகுதியில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு: நிலம் முதலாளியுடையது, ஆண்டு முழுதும் உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நாட்கூலிக்குப் பால் வெட்டியவர்களுக்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் ஆலங்கட்டி மழை கொட்டிக் குலைகள் அழிந்துபோன ஆண்டில், அந்தக் குடியானவன் பங்கிட்டுக்கொள்வது வெறும் தொட்டியைத்தான்.