பிஸ்னஸ் கிளாசுக்குப் பணம், எக்கனமியில் இருக்கை: வகுப்புக் குறைக்கப்பட்ட பயணிக்கு என்ன உரிமை?

போருக்குப் பின் எமது குடும்பங்கள் பல நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. அம்மா கிளிநொச்சியில், அண்ணன் சுவிஸில், தங்கை ஸ்காபரோவில் என்பது எமக்குப் பழகிப்போன கதை. ஆண்டுக்கணக்காகக் காணாத முகங்களைக் காண விமானச் சீட்டு ஒன்றே வழி. அந்தச் சீட்டை எப்போதாவது பிஸ்னஸ் கிளாசில் எடுக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அது ஆடம்பரத்துக்காக அல்ல. முதுகுத்தண்டில் ஷெல் துண்டைச் சுமப்பவர் பத்து மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாது. செயற்கைக் கால் பொருத்தியவருக்கு நீண்ட பறப்பில் கால் வீங்கும். அதனால்தான் சகோதரர்கள் பங்கு போட்டு அந்த ஓர் இருக்கையை வாங்குகிறார்கள்.

அப்படி வாங்கிய இருக்கையை, விமானம் ஏறும் வாசலில் வைத்து “இல்லை” என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. இருக்கைகளை விட அதிகமாகச் சீட்டு விற்றிருப்பார்கள், அல்லது கடைசி நேரத்தில் சிறிய விமானத்தை மாற்றியிருப்பார்கள், அல்லது இருக்கை பழுதாகியிருக்கும். காரணம் எதுவானாலும் பயணி எக்கனமிக்கு அனுப்பப்படுகிறார்.

இதற்கு மிகத் தெளிவான விடை ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியில் உள்ளது. 2005 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதியின் 10ஆம் பிரிவு, வகுப்புக் குறைக்கப்பட்ட பயணிக்குச் சீட்டின் விலையில் ஒரு பங்கை ஏழு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1,500 கி.மீ. வரையான பறப்புக்கு 30 வீதம். 1,500 முதல் 3,500 கி.மீ. வரை 50 வீதம். ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ.க்கு மேல் போகும் பறப்புக்கு 75 வீதம். காலநிலை, தொழில்நுட்பக் கோளாறு என்ற விதிவிலக்கு எதுவும் இந்தப் பிரிவில் இல்லை. பிரித்தானியா பிரெக்ஸிற்றுக்குப் பிறகும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளும் இதைப் பின்பற்றுகின்றன.

எந்தத் திசையில் பறக்கிறீர்கள் என்பது இங்கே மிக முக்கியம். சூரிச், பிராங்பேர்ட், பாரிஸ், இலண்டன் போன்ற இடங்களிலிருந்து புறப்பட்டால், விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் பாதுகாப்பு உண்டு. கட்டுநாயக்காவிலிருந்து அங்கே போகும்போது, பறப்பை நடத்துவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே உண்டு. பிரித்தானியாவுக்குப் போவதாயின் பிரித்தானிய நிறுவனமும் சேரும். எமது ஆட்கள் அதிகம் பயன்படுத்தும் வளைகுடா நிறுவனங்களிலோ இலங்கை விமானத்திலோ கொழும்பிலிருந்து போனால் இந்த விதி கைகொடுக்காது. அப்போது நிறுவனத்தின் பயண நிபந்தனைகளைக் காட்டித்தான் கட்டண வித்தியாசத்தைக் கேட்க முடியும். சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் உள்ளது என்பதை விட, உண்மையில் விமானத்தை ஓட்டுவது யார் என்பதே கணக்கு.

இறுதிப் போரில் ஒரு காலை இழந்த என் மச்சான், ஜேர்மனியில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இதை அனுபவித்தார். பிராங்பேர்ட்டிலிருந்து முதல் பறப்பில் அவரை எக்கனமிக்கு மாற்றினார்கள். 200 யூரோ வவுச்சர் ஒன்றை நீட்டி, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைப்பதில்லை என்பது முகாமில் அவர் கற்ற பாடம். வைக்கவில்லை. அதுவே அவரைக் காப்பாற்றியது. ஏனெனில் பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பணமாகவோ வங்கி வழியாகவோ காசோலையாகவோதான் கொடுக்க வேண்டும்.

அவருக்காக நான் கடிதம் எழுதினேன். முதல் பதிலில் “கட்டண வித்தியாசம் 90 யூரோ தருகிறோம்” என்றார்கள். இது பொதுவான பொறி. கடைசி நேரத்து எக்கனமி விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிகச் சிறிதாகத் தெரியும். ஆனால் 10ஆம் பிரிவு வித்தியாசத்தைப் பற்றிப் பேசவில்லை, சீட்டு விலையின் வீதத்தையே பேசுகிறது. அதைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதிய பிறகுதான் பணம் வந்தது. ஏழு நாட்கள் என்பது இரண்டு மாதமாகியிருந்தது.

வீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2016 ஜூனில் மென்னென்ஸ் எதிர் எமிரேட்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. முழுப் பயணச் சீட்டின் மேல் அல்ல, வகுப்புக் குறைக்கப்பட்ட அந்தப் பறப்பின் விலை மேல்தான். அந்த விலை தனியாகக் காட்டப்படாவிட்டால், முழுத் தூரத்தில் அந்தப் பறப்பின் பங்கை வைத்துப் பிரிக்க வேண்டும். வகுப்போடு தொடர்பில்லாத விமான நிலைய வரிகள் சேராது. உதாரணமாக, வரி நீங்கலாகச் சீட்டு 1,600 யூரோ, பாதிக்கப்பட்ட பறப்பு முழுத் தூரத்தில் 55 வீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பறப்பின் விலை 880 யூரோ. அதில் 75 வீதம் 660 யூரோ.

கனடாவுக்குப் போய்வரும் பறப்புகளுக்கு 2019 முதல் வேறு விதிகள் உண்டு. பறப்பு இரத்தாகியோ இடம் மறுக்கப்பட்டோ நிறுவனம் உங்களைக் குறைந்த வகுப்பில் ஏற்றினால், அந்தப் பகுதிக்கான கட்டண வித்தியாசம் திரும்ப வேண்டும். இந்தியா 2023 பெப்ரவரி 15 முதல், சர்வதேசப் பறப்புகளுக்கு 30, 50, 75 வீதம் என்ற இதே தூரக் கணக்கைக் கொண்டுவந்துள்ளது. சென்னை – கொழும்பு தூரத்துக்கு 30 வீதம் வரும்.

இப்படி நடந்தால் செய்ய வேண்டியவை சில. பழைய, புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். வகுப்பு மாற்றப்பட்டதை வாசலிலேயே எழுத்தில் கேளுங்கள். லா சப்பலிலோ ஈஸ்ட்ஹாமிலோ உள்ள முகவரிடம் சீட்டு எடுத்திருந்தால், கட்டண விபரமுள்ள மின்சீட்டை அவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் கோரிக்கையை முகவருக்கல்ல, விமானத்தை ஓட்டிய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மறுத்தால் அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமோ நடுவர் அமைப்பிடமோ முறையிடலாம். சக்கர நாற்காலி உதவி தனி உரிமை, எந்த வகுப்பில் இருந்தாலும் அதற்குக் கட்டணம் இல்லை.

காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் வரையும், ஜேர்மனியில் சம்பவம் நடந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுகள் வரையும் வழக்குத் தொடரலாம். அலுமாரியில் பழைய போர்டிங் பாஸ் கிடந்தால், ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.