பாதம் தப்பலாம், இடம் தப்பக்கூடாது

டிசம்பர் வந்துவிட்டால் ஸ்காட்லாந்துப் பள்ளிகளின் உடற்பயிற்சி வகுப்பில் பந்துக்கு ஓய்வு. கிறிஸ்துமஸ் விருந்துக்காகப் பிள்ளைகள் நடனம் பழகுவார்கள். கே கார்டன்ஸ், டாஷிங் வைட் சார்ஜென்ட், ஸ்ட்ரிப் தி வில்லோ என்று அங்கே கற்ற ஆட்டங்கள் ஆயுளுக்கும் கைகொடுக்கும். கல்யாண வரவேற்பில் ஃபிடிலும் அக்கார்டியனும் ஒலித்ததும் தாத்தா முதல் பேத்திவரை இறங்கிவிடுவார்கள். ‘கெய்லி’ எனப்படும் இந்தக் கொண்டாட்டத்தில், அடுத்த அசைவை உரக்கச் சொல்லவும் ஆள் இருப்பார். அப்படியும் தடுமாறினால், பக்கத்தில் ஆடுபவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்.

இதே மரபை இன்னொரு விதமாக ஆடுகிறவர்களும் உண்டு. மெல்லிய தோல் காலணி, நீட்டிய கால்விரல், அளந்து வைக்கும் அடி. இதற்கு வாரந்தோறும் வகுப்பு நடக்கும். சொல்லித்தருபவருக்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு. கெய்லிக்காரர்களுக்கு இது விறைப்பாகத் தெரிகிறது. இவர்களுக்கோ கெய்லி வெறும் கூத்தடிப்பு.

இந்தக் கறாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய ஆட்டங்கள் அழிந்துவிடுமோ என்ற கவலையில், 1923-ல் ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் கிளாஸ்கோவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மில்லிகன், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்தவர். கையெழுத்துப் பிரதிகளிலும் முதியவர்களின் நினைவிலும் கிடந்த ஆட்டங்களைச் சங்கம் திரட்டிப் புத்தகமாக்கியது. இன்று அதன் பெயர் ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி. அது இல்லாவிட்டால் பல ஆட்டங்கள் நமக்குப் பெயராகக்கூட மிஞ்சியிருக்காது. ஆனால், ஊருக்கு ஒரு விதமாக ஆடியதில் ஒன்று அச்சேறியதும், அதுவே ‘சரி’ ஆயிற்று. மற்றவை ‘தப்பு’ ஆயின. முதியவர்கள் பலரை விசாரித்து, நடன ஆய்வாளர்களான ஃபிளெட் தம்பதியர் 1964-ல் வெளியிட்ட நூல், அந்தப் பழைய வேறுபாடுகளைப் பதிவு செய்தது.

அப்படியானால் எப்படியும் ஆடலாமா? அதுவும் முடியாது. எய்ட்சம் ரீலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் முறைவைத்து நடுவில் வருவார்கள். ஒருவர் தன் முறையை மறந்தால் மற்ற ஏழு பேரின் ஆட்டமும் குலையும். உரிய தாளத்தில் உரிய இடத்தில் நின்று கை நீட்டுவது, எதிரே வருபவருக்குக் காட்டும் மரியாதை. பாதத்தை எப்படி வைக்கிறோம் என்பது அழகு சார்ந்தது. முன்னது இல்லாமல் ஆட்டமே இல்லை. பின்னது கூடினால் ஆட்டம் மிளிரும், அவ்வளவே. சண்டையெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது.

‘ரீல் ஆஃப் தி 51ஸ்ட் டிவிஷன்’ இதற்கு நல்ல சாட்சி. 1940 ஜூனில் பிரான்ஸின் சான் வலேரியில் சிறைப்பட்ட, அந்தப் பெயருள்ள படைப்பிரிவின் ஸ்காட்லாந்து வீரர்கள், ஜெர்மன் முகாமில் இருந்தபடி உருவாக்கிய ஆட்டம் இது. ஆடுவோர் கைகோத்து நிற்கும்போது, ஸ்காட்லாந்துக் கொடியில் உள்ள புனித ஆண்ட்ரூவின் பெருக்கல்குறிச் சிலுவை தரையில் உருவாகும். முகாமில் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். இன்று ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் மாறினார்கள், சிலுவை மாறவில்லை.

புதிதாக வருபவரிடம் முதலில் கால்விரலைத் திருத்த வேண்டாம். யாருக்கு, எப்போது கை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஆட்டம் பிடித்துப்போனால், விரலை எப்படி நீட்டுவது என்று அவரே வந்து கேட்பார்.