ஆழியாறு தாண்டினால் அடங்கும் பாட்டு

பொள்ளாச்சியில் கிளம்பும்போது காரில் எஃப்.எம். கணீரென்று பாடிக்கொண்டிருக்கும். ஆழியாறு அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பாட்டுக்கு நடுவே கரகரப்பு நுழையும். வால்பாறைக்கு மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் பாட்டு திரும்பி வரும், அடுத்த வளைவில் காணாமல் போகும். இன்னும் மேலே போனால் இரைச்சல்தான் மிஞ்சும். ஓட்டுநர் கையை நீட்டி ரேடியோவை அணைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகுவார்.

வானொலி நிலையத்தின்மேல் குற்றம் இல்லை. எஃப்.எம். அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை. கோபுரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே மலை வந்து நின்றால் அலை அங்கேயே முட்டி நின்றுவிடும். 999 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோவை வானொலியின் மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து போகும் என்பதால் இன்னும் கொஞ்ச தூரம் எட்டும். ஆனால் மின்கம்பியும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சலை அது எளிதில் வாங்கிக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருக்கும் கொங்கு நாட்டுக்கு இது பழகிப்போன சங்கடம்.

மலை மறைக்கிறதென்றால் கோபுரத்தை மலைக்கு மேலே தூக்கிவிட வேண்டியதுதான். செயற்கைக்கோள் வானொலி செய்வது அதைத்தான். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள் கீழிருந்து பார்க்கிறவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். நிலையத்தில் பேசும் குரல் முதலில் எண்களாக மாறிச் சுருங்குகிறது. பெரிய தட்டு ஆன்டெனா அதை மேலே அனுப்புகிறது. செயற்கைக்கோள் வாங்கி, அலைவரிசையை மாற்றி, வலுவூட்டி, கீழே பொழிகிறது. ஏறி இறங்க ஆகும் நேரம் கால் விநாடிதான்.

இந்த வானொலியை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் அது. எய்ட்ஸ் நோய் பற்றிய அடிப்படைத் தகவல்கூட ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்ற தவிப்பில் பிறந்த யோசனை. ஆஃப்ரிஸ்டார் 1998 அக்டோபரிலும், ஆசியாஸ்டார் 2000 மார்ச்சிலும் ஏவப்பட்டன. ஒவ்வொரு செயற்கைக்கோளும் மூன்று அலைக்கற்றைகளைப் பொழிந்தது. ஒரு கற்றை சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடும். இந்தியாவைப் போல நான்கு மடங்கு பரப்பு! கோவை காந்திபுரத்தில் விழும் அதே அலை, அதே தெளிவோடு, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலும் விழும்.

தமிழுக்கு 'கேஎல் ரேடியோ', கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி' என்று தனித்தனி அலைவரிசைகள். விளம்பரமே இல்லாத பாட்டு. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். நிறுவனத்தின் இந்திய விளம்பரங்களுக்கு முகம் ஏ.ஆர்.ரஹ்மான்.

பெட்டியோடு உள்ளங்கை அகலத்தில் தட்டையான ஓர் ஆன்டெனா வரும். அதை வைப்பதில்தான் சூட்சுமம். ஆசியாஸ்டார் நின்றது 105 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். கோவையிலிருந்து கணக்குப் போட்டால், கிழக்கிலிருந்து தெற்கே கொஞ்சம் சாய்ந்து, சுமார் 55 டிகிரி உயரத்தில், அதாவது காலை பத்து மணி வெயில் வரும் பக்கமாக அது இருக்கும். கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்த வீட்டுக்காரருக்குக் கவலை இல்லை. மேற்குப் பார்த்த வீடானால் மொட்டை மாடிக்குக் கம்பி இழுக்க வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து வந்து சேரும் அலை மிக மெலிந்தது. கான்கிரீட் தளத்தையும் செங்கல் சுவரையும் துளைத்து உள்ளே வர அதற்குத் தெம்பு கிடையாது.

வேர்ல்ட்ஸ்பேஸ் தடுக்கி விழுந்த இடங்களில் முக்கியமானது இந்த ஜன்னல்தான். பெட்டியை ஜன்னலோரம் கட்டிப்போட வேண்டியிருந்தது. சமையலறைக்கோ, தோட்டத்துக்கோ, காருக்கோ எடுத்துப்போக வழியில்லை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே 2001-ல் எக்ஸ்.எம்., அடுத்த ஆண்டு சிரியஸ் என இரண்டு நிறுவனங்கள் வந்தன. இரண்டும் தொடக்கத்திலேயே குறிவைத்தது காரை. மணிக்கணக்காகக் கார் ஓட்டுகிற நாடு, ஊருக்கு ஊர் எஃப்.எம். மாறுகிற நெடுஞ்சாலை. உயரமான கட்டடங்கள் வானத்தை மறைக்கும் நகரங்களில், அதே நிகழ்ச்சியைத் தரையிலிருந்து மறுபடி ஒலிபரப்பும் சிறு கோபுரங்களை நட்டார்கள். பாலத்தின் அடியில் கார் புகுந்தாலும் பாட்டு அறுந்துவிடாதபடி சுமார் 4 விநாடி ஒலியைப் பெட்டி முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டது. 2008-ல் இரண்டும் இணைந்து சிரியஸ்எக்ஸ்எம் ஆயின. இன்று அதற்குச் சுமார் 3.3 கோடி சந்தாதாரர்கள்.

இந்தியாவில் தரைக் கோபுரங்களுக்கு அரசின் கொள்கை முடிவு தேவைப்பட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-லேயே பரிந்துரை தந்தது. ஆனால் கோபுரங்கள் எழவில்லை, கார்களுக்குள் சேவை நுழையவில்லை. தனியார் எஃப்.எம். நிலையங்களோ ஊர் ஊராக முளைத்து இலவசமாகவே பாடின. கடனில் தவித்த தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. முழு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தவர்களின் பெட்டிகளும் மறுநாள் ஊமையாகிப்போயின.

 

வேர்ல்ட்ஸ்பேஸ் போய்விட்டாலும் செயற்கைக்கோள் நம் வானொலியை விட்டுப் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வேலை செய்கிறது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த தமிழ்ச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கொங்கு நாட்டில் இன்னும் இருக்கிறது. டெல்லியில் பேசிய குரல் கோவையில் மறு ஒலிபரப்பாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு பாலம் வேண்டும். 1983-ல் இன்சாட்-1பி ஏவப்பட்ட பிறகு ஆகாசவாணி அந்தப் பாலத்தை விண்ணிலேயே கட்டிக்கொண்டது. நிலையத்து வளாகத்தில் வானம் பார்த்து நிற்கும் தட்டு அதற்குத்தான்.

நேரடியாகக் கேட்கவும் வழி இருக்கிறது. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்று வழங்கும் தூர்தர்ஷன் சேவையில் தொலைக்காட்சியோடு ஆகாசவாணியின் பல வானொலி அலைவரிசைகளும் வருகின்றன. மாதக் கட்டணம் இல்லை. கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் ஓட்டு வீட்டின்மேல் இருக்கும் சிறு தட்டு, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15-ஐப் பார்த்தபடி நன்றாக அண்ணாந்திருக்கும். டிவியில் வானொலி அலைவரிசையை வைத்துவிட்டு, அதே நிகழ்ச்சியைப் பக்கத்தில் சாதாரண ரேடியோவிலும் வைத்துப் பார்த்தால், ரேடியோ முந்தும், டிவி பிந்தும். விண்ணுக்குப் போய்வரும் கால் விநாடியோடு, ஒலியைச் சுருக்கி விரிக்கும் நேரமும் சேர்ந்துகொள்வதால் வரும் இடைவெளி அது.

பாட்டைவிடப் பெரிய தேவை ஒன்று உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மின்கம்பமும் செல்போன் கோபுரமும் சாய்ந்துவிட்ட மலையில், மேலிருந்து நேராக வரும் குரல் உயிர் காக்கும். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். லேர்ன்ஏசியா அமைப்பும் சர்வோதயமும் சேர்ந்து 32 கரையோரக் கிராமங்களில் நடத்திய எச்சரிக்கைத் திட்டத்தில் வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டிகளும் இருந்தன. எந்த ஊருக்கு ஆபத்தோ அந்த ஊர்ப் பெட்டியை மட்டும் எழுப்பி எச்சரிக்க அவற்றால் முடிந்தது. கூடலூரிலும் வால்பாறையிலும் ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலும் அப்படி ஒரு பெட்டி இருக்க வேண்டும். அந்தத் தொழில்நுட்பம் புதிதும் அல்ல, நமக்கு எட்டாததும் அல்ல.

கடலில் அதன் தொடக்கம் வந்துவிட்டது. 2017-ல் ஒக்கிப் புயல் வருவது தெரியாமல் ஆழ்கடலில் சிக்கி மீனவர்கள் பலர் மடிந்தார்கள். அதன் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செல்போன் எட்டாத தூரத்தில் இருக்கும் படகுக்கும் புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே அது வாங்கித் தரும். அந்தச் செய்தியைச் சுமப்பது ககன் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பு. ககன் கருவிகளைத் தாங்கிய செயற்கைக்கோள்களில் ஒன்று ஜிசாட்-15, சோமனூர் வீட்டுக் கூரைக்குப் பாட்டு அனுப்பும் அதே ஜிசாட்-15. வால்பாறை மலைக்கு மேலேயும் அது இரவு பகலாக நின்றுகொண்டுதான் இருக்கிறது.