கருப்பை வாய்ப் புற்றுநோயில் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களின் பங்கு

முன்னுரை

மனித மரபுத்தொகுதியில் புரத உருவாக்கத்திற்கான குறியீட்டைக் கொண்ட பகுதி 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சிய பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள் படியெடுக்கப்படுகின்றன. அவற்றுள் புரதமாக மாறாதனவும் 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீளமுடையனவும் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள் எனப்படுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயில் இவற்றின் பங்கினையும், நோய்கண்டறிதலில் இவற்றின் இன்றைய நிலையினையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஹோட்டேரின் செயல்முறை

2007-இல் அறியப்பட்ட ஹோட்டேர், 12-ஆம் குரோமோசோமில் தோன்றும் ஆர்.என்.ஏ. ஆகும். இது பி.ஆர்.சி.2 என்னும் புரதக் கூட்டமைப்புடன் பிணைந்து, பிற குரோமோசோம்களில் உள்ள மரபணுக்களையும் ஒடுக்குகிறது. மார்பகப் புற்றுநோயில் ஹோட்டேரின் மிகுதி நோய்ப்பரவலோடு தொடர்புடையது என 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வைரஸும் ஹோட்டேரும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரஸின் நீடித்த தொற்றே முதன்மைக் காரணம். வைரஸின் இ6 புரதம் பி53 புரதத்தையும், இ7 புரதம் ஆர்.பி. புரதத்தையும் செயலிழக்கச் செய்கின்றன. இ7 புரதம் ஹோட்டேருடனும் தொடர்பு கொள்கிறது என்பதைக் கல்யாணியின் தேசிய உயிர்மருத்துவ மரபுத்தொகுதியியல் நிறுவன ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். வைரஸ் தொற்றுடைய கட்டிகள் பலவற்றில் ஹோட்டேரின் அளவு குறைந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். வேறு ஆய்வுகளோ முற்றிய கட்டிகளில் அதன் அளவு மிகுந்திருப்பதாகக் கூறுகின்றன. எனவே, ஹோட்டேரின் அளவை மட்டும் கொண்டு நோயைத் தீர்மானிக்க இயலாது.

நோய்கண்டறிதலில் பயன்

சிறுநீரில் அளக்கப்படும் பி.சி.ஏ.3 என்னும் ஆர்.என்.ஏ.வுக்கான சோதனை, புராஸ்டேட் புற்றுநோய் குறித்த மருத்துவ முடிவுக்கு உதவுவதாக 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹோட்டேர் அத்தகைய நிலையை எட்டவில்லை.

ஆதலின், தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற பேரூர்களின் பெண்களுக்கு இன்று பயன் தருவது, நிறுவப்பட்ட முறைகளில் செய்யப்படும் முன்கூட்டிய பரிசோதனையே. அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் நோக்கும் முறை, தமிழகத்தில் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. பொதுவாக 30 வயது முதல் வைரஸின் டி.என்.ஏ.வைக் கண்டறியும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

முடிவுரை

நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள் புற்றுநோயின் உயிரியலைத் தெளிவாக்குகின்றன. எனினும், ஓர் ஆர்.என்.ஏ.வின் அளவு மாறுபடுவது மட்டுமே அது நோய்க்குக் காரணம் என்பதற்குச் சான்றாகாது. அது நோயைத் தூண்டுகிறதா, நோயின் விளைவாக மாறுகிறதா என்பதைப் பிரித்தறிந்த பின்னரே பரிசோதனைக்குரிய குறியீடாக ஏற்றல் தகும்.